கெட்ட தாளைக் கேட்டு வாங்கு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்பது மரியாதைக்காகச் சொல்வது; வந்தது தபாலட்டை. அதிலும் பாதி இடம் காலியாக இருந்தது. "மதராஸ் போவதாக முடிவு செய்துவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஆசி வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." ஒரு நாட்டை விட்டுப் போவதற்கு இவ்வளவு போதும் என்று நீ நினைத்திருக்கிறாய். தபால்காரர் அதை வாசலிலேயே படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். "தம்பி போறாரா டீச்சர்? நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சற்று நின்றார். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஆசி கேட்டாய். அது எப்போதும் உண்டு. யோசனை கேட்கவில்லை, ஆகவே அதையும் சேர்த்து அனுப்புகிறேன். நீளமாக எழுதினால் நீ படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உனக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மதராஸில் ஒரு பதிப்பாளர் இருக்கிறார். நல்ல தாளில், கையால் அச்சுக் கோத்து, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ புத்தகம் செய்கிறவர். நீ கொழும்பில் பெரிய அச்சகத்தில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் பக்கம் வடிவமைக்கிறவன். நீ அவருக்கு ஒரு மாதிரிப் பக்கம் அனுப்பினாய், அவர் உனக்கு ஒன்று அனுப்பினார். இரண்டு வருடமாக இது நடக்கிறது. இப்போது அவர் உன்னைப் பங்காளியாக வரச் சொல்கிறார். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நம் குடும்பத்தின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் இன்னும் அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளுக்கு அடியில் கிடக்கிறது. அதிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினால், பிறகு இங்கே திரும்பி வந்து இருக்க வழி கிடையாது. ரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்கென்று தகரப் பெட்டியோடு நம் ஸ்டேஷனில் ரயில் ஏறியதைப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடிதத்திலேயே பழகிய ஒருவரோடு சேர்ந்து புத்தகம் செய்வது என்றால் என்னவென்று நம் வீட்டில் கொஞ்சம் அனுபவம் உண்டு. நீ சின்னவனாக இருந்ததால் மேலோட்டமாகத்தான் அறிவாய். அப்பாவின் அச்சகம் மாத்தளையில், திருகோணமலை வீதியில், நம் வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. சாப்பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தோட்டங்களுக்கு ஆள் பேர் பதியும் செக்ரோல் தாள், ஏலக்காய்ப் பெட்டிக்கு லேபிள். இவை எல்லாம் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கதவை அரைவாசி சாத்திக்கொண்டு தனக்காகப் புத்தகம் அடிப்பார். ஒரு புத்தகத்துக்கு நூறு பிரதி. எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, மிதி மெஷினில் ஒவ்வொரு தாளாகப் போட்டு எடுப்பார். மை ஒரு தாளில் கூடினால் அடுத்த தாள் வரை அவர் முகம் சரியாகாது.

இப்படிப்பட்ட மனிதர்கள் அன்றைக்கு இந்தத் தீவில் மிகச் சிலர். கண்டியில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், இன்னும் அங்கங்கே ஓரிருவர். அவர்கள் தங்கள் புத்தகங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் பாராட்டி எழுதிக்கொண்டார்கள். நூறு பிரதியில் இப்படித் தபாலில் போனது போக மிச்சம் அலுமாரியில் இருந்தது. இந்த நாட்டில் நல்ல புத்தகத்துக்கு வாசகர் இல்லை என்று அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வருத்தப்பட்டார்கள். கடைக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னபோது, "கடையில கண்டவனும் கைய வைப்பான்" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தவர் திருகோணமலையில் ஒரு சித்திர மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பக்கங்களைப் பற்றி யோசிப்பவர். எங்கள் தெரு திருகோணமலைக்குப் போகிற தெரு; அதன் மறுமுனையில்தான் அவர் இருந்தார். நடுவில் ஏறக்குறைய நூறு மைல். அவர் வரைந்து அனுப்புவார், அப்பா கோத்து ஒரு தாள் அடித்து அனுப்புவார், அவர் திருத்தம் சொல்வார், அப்பா மறுப்பார். நேரில் பார்க்காமலே இப்படி ஐந்தாறு புத்தகம் செய்தார்கள். கண்டிக்காரர் அந்தக் கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, இவற்றையே ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்றார். அவ்வளவு நன்றாக இருந்தன.

நன்றாக இருக்கக் காரணம், அவற்றை அப்பா எழுதவில்லை. நீ அவர் பிள்ளை என்பதற்கு உன் தபாலட்டையே சாட்சி. மாஸ்டரின் வரைபடம் வந்ததும் அப்பா ஒரு நிமிடம் பார்ப்பார். "ஓரத்துல எடம் பத்தாதுன்னு எழுதிரு" என்பார். பிறகு மெஷினுக்குப் போய்விடுவார். நான் உட்கார்ந்து எழுதுவேன்: "மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் அனுப்பிய பக்கத்தைச் சில நாள் மேசையில் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். எழுத்துகள் வாசலிலேயே நிற்பதுபோல் ஒரு நெருக்கம் தெரிகிறது. வெளியோரத்தில் சற்று இடம் விட்டால் உள்ளே வருவார்கள் என்று நினைக்கிறேன்." இரண்டு பக்கம் போகும். சாயங்காலம் அப்பா மை விரலோடு கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார். "எழுதிட்டியா? ஓரம் பத்தாதுன்னு எழுதினியா?" அவ்வளவுதான்.

திருகோணமலையிலிருந்து வரும் பதிலும் அதே போல் நிதானமாக, உள்ளே ஒரு சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு வரும். முதல் வருடம் அந்த மாஸ்டர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரு மழைக்காலத்தில் வந்த கடிதத்தின் அடியில், "பதில் தாமதித்ததற்குப் பொறுத்தருளவும். பிள்ளைக்கு அம்மை. வேப்பிலையும் கையுமாக இருந்ததில் பேனா எடுக்க நேரமில்லை" என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலை வீசிக்கொண்டிருக்கும் சித்திர மாஸ்டர் எவரையும் நான் அறிந்ததில்லை. அங்கேயும் ஒரு வீட்டுக்காரி சாயங்காலம் கையெழுத்து வாங்குகிறாள். அதற்கு நான் எழுதிய பதிலில், கொத்தமல்லிக் கஷாயத்தில் எங்கள் வீட்டில் சேர்க்கும் இரண்டு சாமானை, அச்சு மை பற்றிய பந்திக்குக் கீழே, அப்பாவின் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் "தங்கள் யோசனை பலித்தது, மை நன்றாக உலர்கிறது" என்று வந்தது. அவளும் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகும் நாங்கள் இருவரும் "மதிப்புக்குரிய ஐயா" என்றுதான் எழுதிக்கொண்டோம். வேறு எப்படி எழுதுவது?

அப்பாவிடம் இதில் ஒரு விசித்திரம். தன் கடிதத்தை மனைவி எழுதுகிறாள் என்று தெரிந்த மனிதர், எதிர்ப்பக்கத்துக் கடிதத்தை மாஸ்டரே எழுதுகிறார் என்று கடைசி வரை நம்பினார். மாஸ்டரும் அதே நம்பிக்கையில்தான் இருந்திருக்கிறார்.

பிறகு அந்த விடுகதைப் புத்தகம் வந்தது. தோட்டத்து லயங்களிலும் நம்முடைய முஸ்லிம் கடைக்காரர்கள் வீடுகளிலும் நான் பல வருடம் கேட்டு எழுதி வைத்த விடுகதைகள். அப்பா அவற்றைத் தன் சிறந்த புத்தகமாகச் செய்ய நினைத்தார். மாஸ்டர் சொன்ன அமைப்பு எளிமையானது: ஒரு பக்கத்தில் விடுகதை தனியாக, தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் விடை. ஆனால் அது கப்பலில் வரும் தாளுக்கெல்லாம் அரசாங்கம் பெர்மிட் கேட்கத் தொடங்கியிருந்த காலம். கனமான நல்ல தாள் எங்கும் இல்லை. கிடைத்தது மெல்லிய தாள். அதில் பின்பக்கம் அடித்தது முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். நல்ல புத்தகக்காரர்களுக்கு அதைவிட அவமானம் கிடையாது. சட்டைக்குள் பனியன் தெரிகிற மாதிரி என்பார் அப்பா. கடிதங்கள் போயின, வந்தன. நானும் அவளும் எவ்வளவோ அழகாக எழுதியும், "முடியாது" என்பதை அழகாக எழுதினாலும் அது முடியாதுதானே. ஒரு வருடம் புத்தகம் நின்றது. கடைசியில், மாஸ்டர் எங்கள் கோயில் தேருக்கு வந்து தங்கட்டும், நேரிலேயே பேசி முடித்துவிடுவோம் என்று இரு பக்கமும் முடிவானது. அந்த யோசனையைக் கடிதத்தில் முதலில் சொன்னது நானா அவளா என்று இப்போது நினைவில்லை. யாராக இருந்தாலும் புத்திசாலித்தனமான யோசனை இல்லை.

மாஸ்டரும் மனைவி பாக்கியமும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கருவாட்டுப் பார்சல் அவர்களுக்கு முன்னாலேயே, வாசனையாக, வந்துவிட்டது. மாஸ்டர் பெரிய உடம்பு, பெரிய குரல். வாசலில் நின்றபடியே அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"முதலாளி, உங்கட கடிதங்களைப் பாத்து நான் நினைச்சன், கண்ணாடி போட்ட, நீதவான் மாதிரி ஒரு ஆளெண்டு. நீங்க பாத்தா மெசினுக்கு எண்ணெய் விடுற ஆள் மாதிரியெல்லோ இருக்கிறியள்!"

"எண்ணெய் விடுறதும் நான்தாங்க" என்றார் அப்பா. அவர் கோபப்படவில்லை, தகவல் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மாஸ்டருக்கோ சொல்ல எவ்வளவோ இருந்தது. பஸ்ஸில் பார்த்த யானை, பள்ளிக்கூட அதிபரின் மீசை, மாத்தளையில் ஏன் மீன் நன்றாக இல்லை என்பது. அப்பா ஒரு சமயம் எழுந்து குசினிப் பக்கம் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஆளா அதெல்லாம் எழுதினது?"

"சில பேரு கடிதத்துல வேற மாதிரி இருப்பாங்க" என்றேன்.

"இவ்ளோ வேற மாதிரியா?"

சாப்பிட்ட பிறகு புத்தகப் பேச்சு எடுத்தார்கள். நீயும் அப்போது பக்கத்தில் இருந்தாய். சத்தம் மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். விடையை விடுகதைக்கு அடியிலேயே தலைகீழாகப் போட்டுவிட்டால் பின்பக்கம் அடிக்கவே வேண்டாம், நிழலும் வராது என்றார் அப்பா.

"தலைகீழாப் போடுறது வாரப் பத்திரிகைக்காரன்ட வேலை, முதலாளி!"

"வாரப் பத்திரிகைய நாலு பேரு காசு குடுத்து வாங்குறாங்க மாஸ்டர்."

"அப்ப நீங்க வாரப் பத்திரிகையே அடியுங்கோவன்! தாளைத் திருப்பிறதுக்கு முதல் ஆள் கொஞ்சம் தவிக்கவேணும். அதுதான் விடுகதை."

"தவிக்கிறதுக்குத் தாள் எங்கங்க இருக்கு? நான் பெர்மிட்டுக்குத் தவிக்கிறது போதாதா?"

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் எழுந்து, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பா சொன்னார். மிகத் தெளிவாகச் சொன்னார். இத்தனை வருடத்து வேலை அந்த இடத்தில் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா அச்சகத்துக்குப் போய், ஏற்கனவே துடைத்திருந்த மெஷினை மறுபடி துடைத்தார்.

குசினியில் நானும் பாக்கியமும் இருந்தோம். மெலிந்த உருவம், அதிகம் பேசாதவள். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்த உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ காலம் பழகிய ஒருவரை முதல்முறை பார்க்கிற கூச்சம். இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய் டின்கள் வைக்கும் தட்டில் நான் அச்சகத்துக் கழிவுத் தாள்களை விரித்திருந்தேன். அவள் எழுந்து ஒரு டின்னைத் தூக்கி, கீழே இருந்த தாளை உருவி எடுத்தாள். விடுகதைப் புத்தகத்துக்காக அந்த மெல்லிய தாளில் அப்பா அடித்துப் பார்த்து, நிழல் தெரிகிறது என்று தூக்கி எறிந்தது. அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அக்கா, இதை ஏன் எங்களுக்கு அனுப்பேல்ல?"

"அது கெட்டுப்போனதுங்க. கெட்டுப்போனத யாராச்சும் தபால்ல போடுவாங்களா?"

"நாங்களும் அப்பிடித்தான். அவர் கிழிச்சுப் போட்டதெல்லாம் வீட்டில கட்டுக்கட்டாக் கிடக்குது. நல்லதை மட்டும்தான் உங்களுக்கு அனுப்பினது." பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள். "இஞ்ச பாருங்கோ. மறுமொழி பின்னால நிக்கிறது தெரியுது. ஆனா என்னெண்டு வாசிக்க ஏலாது."

மிளகு பற்றிய விடுகதை அது. பச்சைச் சட்டை போட்டவன் வெயிலில் படுத்துக் கறுத்து எழுந்தான் என்று முன்னால். பின்னால் ஒரு சொல், இடம் வலம் மாறிய நிழலாக, திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது மாதிரி நின்றது. இருப்பது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை.

"திருப்பித்தான் பாக்கணும்" என்றேன்.

"திருப்பத்தான் வேணும்" என்றாள். இருவரும் சிரித்தோம். ஒரு வருடமாக எந்தத் தாளை அவமானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ அந்தத் தாள்தான் அந்தப் புத்தகத்துக்குத் தேவைப்பட்ட தாள். அப்பாவின் அலுமாரியில் அது கட்டாகக் கிடந்தது. கெட்டதை அனுப்பக்கூடாது என்ற பண்பாட்டினால் இரண்டு வீட்டிலும் ஒருவரும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

"சொன்னா கேப்பாரா உங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னாக் கேக்கமாட்டார். கடிதமெண்டாக் கேப்பார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிற தாள் இருக்குதா அக்கா?" என்றாள்.

அம்மிக்குப் பக்கத்தில் பலகை மேல் உட்கார்ந்து எழுதினாள். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் இல்லத்தில் தங்கியிருந்துகொண்டே தங்களுக்குக் கடிதம் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். பேச்சில் அவசரம் புகுந்துவிடுகிறது, எழுத்தில் அது வாசலில் நிற்கிறது" என்று தொடங்கி, தாளின் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். ஹாலுக்குப் போய்க் கணவரிடம் நீட்டினாள். "என்ன இது?" என்றார் மாஸ்டர். "முதலாளிக்கு. போறதுக்கு முதல் மரியாதையா நாலு வரி." படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அதைத் தேநீர்த் தட்டில் வைத்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். கெட்ட தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாத்தியா? எழுத்துல எவ்வளவு பண்பா இருக்காரு மனுஷன்! வாயத் தொறந்தாத்தான் பிரச்சன."

"பதில் எழுதணுமா?"

"எழுதிரு. சரின்னு எழுதிரு. கொஞ்சம் நல்லா எழுது."

நல்லா எழுதினேன். மாஸ்டர் அதை வாங்கிப் படித்துக் கண் கலங்கினார் என்று பாக்கியம் சொன்னாள். காலை பஸ் போய்விட்டது. அதில் அவர்கள் போகவில்லை. தேர் முடியும் வரை இருந்தார்கள். ஹாலில் ஒருவர், முன்பக்க அச்சகத்தில் ஒருவர், நடுவில் தேநீர்த் தட்டு. எழுத்தின் அளவு, விடையின் இடம், அட்டையின் நிறம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் தபாலில் முடிவாயின. நேரில் சந்தித்தபோது இருவரும் வானிலை பற்றி மட்டும் பேசி, மிக மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டார்கள். குசினியில் நாங்கள் இருவரும் அச்சு வேலையைப் பார்த்தோம்.

புத்தகம் வந்தது. நூறு பிரதி. கண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தாளின் ஊடே ஒளி போவது பற்றி நீண்ட தத்துவம் எழுதினார். அப்பாவும் மாஸ்டரும் இதை வெகு காலம் சிந்தித்துச் செய்திருக்கிறார்கள் என்றார். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல் இரண்டு பெயர்: வடிவமைத்தவர் இன்னார், அச்சிட்டவர் இன்னார். அந்தக் குறிப்பை எழுதியது நானும் பாக்கியமும்தான். இன்னும் இரண்டு பெயர் சேர்க்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இப்போது வயதாகிவிட்டது, சோர்வாக இருக்கிறது. சோர்வாக இருக்கும்போது இப்படிச் சில விஷயங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சில வருடம் கழித்து மாஸ்டர் இறந்தார். செய்தி அதே கையெழுத்தில் வந்தது. "அக்கா, அவர் போய்விட்டார். இனி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பாக்கியம்." அவள் தன் பெயரைப் போட்டு எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. நான் பதில் எழுத உட்கார்ந்தேன். இத்தனை காலம் "ஐயா" என்று எழுதிப் பழகிய கைக்கு "தங்கச்சி" என்று எழுத வரவில்லை. மை பற்றியும் ஓரம் பற்றியும் எழுதினால் எவ்வளவோ எழுதுவேன். எங்கள் இருவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. ஊர் வழக்கப்படி நாலு ஆறுதல் சொல் எழுதி, அப்பாவிடமே கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வந்தது. பிறகு மகளோடு எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. அப்பாவும் போய்விட்டார். மிதி மெஷினை வாங்கியவர் நல்ல மனிதர். கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடுகிறார். என் வாழ்க்கையில் என்னோடு மிக நன்றாகச் சேர்ந்து வேலை செய்த ஆள் யார் என்று கேட்டால் நான் பாக்கியத்தைத்தான் சொல்வேன். ஒரு தேர்த் திருவிழா அளவுக்கு அவளை நேரில் அறிவேன்.

இனி உன் விஷயம். பொங்கலுக்கு வந்தபோது மதராஸ்காரரின் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினாய். நல்ல கடிதங்கள். அவர் அனுப்பிய மாதிரித் தாள்களும் குறை சொல்ல முடியாதவை. அதுதான் எனக்குக் கவலை. குறை சொல்ல முடியாத தாளை வைத்து ஒரு மனிதரைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது. ஒரு வேலை கெட்டுப்போகும்போது அவர் என்ன செய்கிறார், கிழித்துப் போடுகிறாரா, யாரையாவது திட்டுகிறாரா, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாரா என்பது தெரிய வேண்டும். அவரிடம் கெட்டுப்போன தாள் ஒன்றைக் கேட்டு வாங்கு. உன்னுடையதையும் ஒன்று அனுப்பு. அவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டால், உனக்கு ஒரு கப்பல் பயணம் மிச்சம்.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தக் கட்டுக்குள் இருந்தது. நீ அவருக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் நகல்களும் கூடவே இருந்தன. அவற்றையும் படித்தேன். மகனே, அவை மிக அழகான கடிதங்கள். நீ எழுதியவை அல்ல. உன் தபாலட்டைகளை நான் வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். உன்னால் என்ன முடியும் என்று எனக்குத் தெரியும். "என் கையெழுத்து கிறுக்கல்மா, பிலோமினா நகல் எடுத்துக் குடுத்தா, அவ்வளவுதான்" என்றாய். உன் அப்பாவும் அவ்வளவுதான் என்றுதான் நினைத்தார். நீ அவளிடம் என்ன சொல்லியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். "ஓரம் போதாதுன்னு எழுதிரு."

பிலோமினா உன் அச்சகத்தில் பிழை திருத்துகிற பெண். உன் பக்கங்களில் குறை கண்டுபிடித்துத் தொல்லை கொடுக்கிறாள் என்று நீ ஒவ்வொரு முறை வரும்போதும் என்னிடம் சொல்கிறாய். கேட்காமலே சொல்கிறாய். போன ஆனியில் வஹகோட்டை வேதக்கோயில் திருநாளுக்குப் போகிற வழியில் அவளும் அவள் தாயாரும் நம் வீட்டில் இறங்கித் தேநீர் குடித்தார்கள். நீ அவர்களுக்கு பஸ் பார்க்கப் போயிருந்தாய். அவள் அலுமாரிக்கு முன்னால் நின்று விடுகதைப் புத்தகத்தை எடுத்தாள். எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் விடுகதையைப் படித்துவிட்டு உடனே தாளைத் திருப்புவார்கள். அவள் திருப்பவில்லை. ஜன்னல் பக்கம் போய், அந்த ஒரு தாளை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் நிற்கும் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இத யோசிச்சது யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. பாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவள் இந்த நாட்டுப் பிரஜை. நீ ஏறப்போகும் கப்பலில் அவளுக்கு இடமில்லை. நீ ஏறிய பிறகு உனக்கு இங்கே இடமில்லை. மதராஸ் ஸ்டேஷனில் அந்தப் பதிப்பாளர் உன் கடிதங்களை எழுதிய ஆளை எதிர்பார்த்து நிற்பார். வந்து இறங்குவது நீ. அவர் உன்னை மேலும் கீழும் பார்ப்பார். உனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அங்கே தேநீர்த் தட்டில் கடிதம் கொண்டுவர ஆளும் இருக்காது.

இவை எல்லாம் தெரிந்த பிறகும் நீ போகலாம். நல்ல புத்தகம் செய்ய ஆசைப்படுகிறவனைத் தடுத்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நோய் நம் வீட்டில் உண்டு. போகாமல் அவளோடு இருந்தால் உன் பெரியப்பா நம் கோயில், அவர்கள் மாதா கோயில் என்று ஏதாவது சொல்வார். அவர் எதற்கும் ஏதாவது சொல்வார். ஆனால் யாரை விட்டுவிட்டுப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ. அவளிடம் இதுவரை நீ கேட்டது கடிதம் மட்டும். புத்தகம் ஒன்று சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறாயா? கேட்டால் உன் வாயால் கேள். தயவு செய்து அதையும் அவளிடமே எழுதித் தரச் சொல்லாதே.

இதோடு ஒரு கெட்ட தாள் வைத்திருக்கிறேன். ஏலக்காய் டின்னின் வட்டம் அதில் இன்னும் இருக்கிறது. அது உனக்கு அல்ல. இதை உனக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு.

பிலோமினா, இவ்வளவு நேரம் படித்ததற்கு நன்றி. இவன் தலைமன்னாருக்கு எடுக்கும் சீட்டுக்கு முன்னால் மாத்தளைக்கு இரண்டு சீட்டு எடுக்கச் சொல். நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அம்மா